பத்துக்குதிரையும் பின் இருக்கையும்

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பத்துக்குதிரை என்று கேட்டால் போதும், முக்குக் கடைக்காரர் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமலே கையால் வழிகாட்டிவிடுவார். எந்த மோட்டார் சைக்கிளை அவளிடம் விட்டாலும் பத்துக் குதிரைசக்தி கூடித்தான் திரும்பி வரும் என்று ஒரு பேச்சு. நிஜத்தில் சில வண்டிக்கு ஐந்து வரும், சில வண்டிக்கு ஏழு. பட்டப்பெயரை யார் தராசில் வைத்துப் பார்க்கிறார்கள், சொல்லுங்கள். அவளும் மறுத்ததில்லை. புகழ் தானாக வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்துகிற அளவுக்கு அவள் ஞானி அல்ல.

முதலில் அவள் பம்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பதினோரு வருஷம், செய்து முடித்த பம்புகளை ஓடவிட்டுச் சோதிக்கிற பிரிவு. முப்பது பம்பு வரிசையாக இரைந்தாலும் சீக்குப் பிடித்த பம்பு எதுவென்று காதாலேயே சொல்லிவிடுவாள். தொழிற்சாலை மூடியபோது மற்றவர்கள் அடுத்த தொழிற்சாலையைத் தேடிப் போனார்கள். இவள் போனது பழைய இரும்புக் கடைக்கு. அங்கே ஒரு மூலையில் டைனோ இயந்திரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை, கனத்த இரும்பு உருளைதான். அதன்மேல் வண்டியின் பின்சக்கரத்தை ஏற்றி, வண்டியைப் பட்டையால் கட்டிப்போட்டு, நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் எஞ்சினின் பலம் எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அதை லாரியில் ஏற்றிவந்து இறக்கியபோது அவள் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"குதிரையைப் பிடிச்சிட்டு வந்துட்ட, சரி. கொள்ளு யாரு போடுறது?" என்று கேட்டார்.

கணவர் சலூன்காரர். பக்கத்துக் கடை அவருடையது. இரண்டு கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் எஞ்சின் உறுமினால் அந்தப் பக்கம் கண்ணாடி, சீப்பு, நாற்காலியில் இருப்பவரின் தாடை எல்லாமே நடுங்கும். கத்தி கழுத்தில் இருக்கும்போது நடுங்கினால் என்ன ஆவது? அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எஞ்சினை முடுக்கும் முன் அவள் ஸ்பானரால் சுவரில் மூன்று தட்டு தட்டுவாள். அவர் கத்தியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஒரு தட்டு தட்டுவார். அது வராமல் அவள் ஆக்சிலேட்டரைத் திருகியதே கிடையாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இருவருக்கும் நடுவே ஒருமுறைகூடச் சண்டையில் முடியாத பேச்சு அது ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தன் வண்டியோடு வந்து சேர்ந்தார். வண்டி என்றா சொன்னேன்? நடமாடும் வீடு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறு சிலிண்டர், நானூறு கிலோ, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி. பின் இருக்கை சோபா மாதிரி, சாய முதுகுப்பலகையும் கைவைக்க இரண்டு கட்டைகளும் உண்டு. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. அதை அவர் தொடுகிற விதத்தைப் பார்த்தால் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வந்தவர் போலிருந்தது.

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன் தங்கச்சி. அறுபதுக்கு மேல போகாதபடி எஞ்சினைக் கட்டி வச்சிருந்தாங்க. மலை ஏறும்போது லாரி பின்னாடியே புகையைக் குடிச்சிக்கிட்டே போவேன். இனிமே ஒரு லாரி பின்னாடியும் நான் போக மாட்டேன். எத்தனை குதிரை ஏத்த முடியுமோ ஏத்து."

பயணமும் முடிவாகியிருந்தது. அவரும் மனைவியும், பதினோரு நாள், மலை தாண்டிக் கடல் வரைக்கும். எட்டு வருஷமாக இருவரும் உட்கார்ந்து போட்ட திட்டம். அவர் எடுத்துக் காட்டிய வரைபடத்தில் மடிப்பு மடிப்பாக டேப் ஒட்டியிருந்தது. கிளம்ப இன்னும் மூன்று வாரம்.

பத்துக்குதிரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். காற்று தாராளமாக உள்ளே போக ஏர் ஃபில்டரை மாற்றினாள். புகை தாராளமாக வெளியே போகச் சைலன்சர் குழாயை மாற்றினாள். பிறகு லேப்டாப்பைச் செருகி, எஞ்சினுக்கு எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று உத்தரவு போடுகிற சின்னக் கணினியின் அட்டவணையைக் கட்டம் கட்டமாகத் திருத்தினாள். மூன்று தட்டு, ஒரு தட்டு. மூன்று தட்டு, ஒரு தட்டு. சலூனில் அன்று ஒருவருக்குச் சவரம் செய்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சாயங்காலம் அச்சாகி வந்த தாளைப் பார்த்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து புள்ளி இரண்டு குதிரைசக்தி கூடியிருந்தது. இந்த வண்டியில் ஆறுக்கு மேல் ஏற்றியவர் யாரும் இருப்பதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. முதன்முறையாகப் பட்டப்பெயர் ஒரு கனத்த வண்டியில் நிஜமாகியிருந்தது. தாளைச் சுவரின் நட்டநடுவில் குத்திவைத்தாள். ஓட்டுநர் அதைப் படம் பிடித்துப் பழைய டிப்போ நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். வாயெல்லாம் பல்லாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை காலை, தனியாக ஓர் அம்மாள் பட்டறைக்குள் வந்தார். வெள்ளைக் கைக்குட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு சின்ன நோட்டு. ஓட்டுநரின் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஸ்டூலில் உட்கார்ந்த விதத்திலேயே பத்துக்குதிரை தன்னையறியாமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நான் வந்தது அவருக்குத் தெரியாதும்மா. வண்டி ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொட்டா முன்னாடி பாயுது. விட்டா தலை குனியுது. ஒவ்வொரு தடவையும் என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்ல போய் முட்டுது. கழுத்து போயிடுச்சு."

பத்துக்குதிரைக்குச் சுருக்கென்றது. தன் வேலையில் குறை என்று ஒருவர் சொன்னால் அவளுக்கு ஆகாது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

"வண்டியில குறை எதுவும் இல்லம்மா. புதுசா பலம் ஏறியிருக்குல்ல, சாரோட கைக்கு இன்னும் பழகல. கொஞ்சம் முரட்டுக் கையா இருக்கும்."

நர்சம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முப்பத்தோரு வருஷம், நின்னுக்கிட்டு வந்த பயணி ஒருத்தரைக்கூட விழ வைக்காத கை அது."

நர்சம்மா நோட்டைத் திறந்து நீட்டினார். அசல் கேஸ் ஷீட். நோயாளியின் காய்ச்சலைக் குறிப்பது போலக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். 'காலை 9.10. மூன்றாவது கியர், 42 கி.மீ. மெதுவாகத் திருகியதும் இழுப்பு. ஒரு முட்டு. 9.14. சிக்னல் தாண்டி, இரண்டாவது கியர், 25 கி.மீ. இரண்டு முட்டு.' கணவரின் தோளுக்கு மேலாக எட்டி வேகமானியைப் பார்த்துப் பார்த்துக் குறித்திருக்கிறார். இரண்டு வாரத்தில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு முட்டு.

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"பத்துக் குதிரைன்னு சொல்லும்போது அவர் முகத்தை நீ பாத்திருக்கியா?" என்றார் நர்சம்மா. "எப்படிச் சொல்றது? முட்டி வலிக்குது, பைக்ல உக்கார முடியாதுன்னு சொல்லிட்டேன். ரயில் டிக்கெட் எடுத்துட்டேன். சனிக்கிழமை பத்து நாப்பதுக்கு வண்டி. அவர் ரோட்டுல வருவாரு, நான் ரயில்ல போய் லாட்ஜ் வாசல்ல நிப்பேன். இந்தப் பயணத்துக்கு எட்டு வருஷமா காத்திருந்தது அவர் மட்டும் இல்லம்மா. எனக்கு அந்தப் பின் சீட்டுதான் வேணும்."

சொல்லிவிட்டு நோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமைக்கு நடுவில் இருப்பது மூன்றே நாள். அதற்குள் அந்த அம்மாளைப் பின் இருக்கையில் உட்கார வைக்காவிட்டால் எட்டு வருஷத் திட்டம் இரண்டாகப் பிளந்து ஒன்று தண்டவாளத்திலும் ஒன்று தார்ச் சாலையிலும் போகும். காரணம் இவள் கை. இருந்தும் மனசு ஒப்புக்கொள்ள மறுத்தது. பத்து புள்ளி இரண்டு எப்படித் தப்பாக இருக்க முடியும்?

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சலூனுக்குப் போய் காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒருவருக்கு முடிவெட்டி முடிந்திருந்தது. கணவர் கைக்கண்ணாடியை எடுத்து அவரின் பிடரிக்குப் பின்னால் பிடித்து இப்படியும் அப்படியும் காட்டினார். அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

"அவரு முன்னாடி கண்ணாடியிலேயே பாத்துட்டாரே. பின்னாடி எதுக்குக் காட்டுறீங்க?" என்று எரிச்சலோடு கேட்டாள்.

"தன் முதுகு தனக்குத் தெரியாதுடி. முன்பக்கத்தை அவரு பாக்குறாரு. பின்பக்கத்தைப் பாக்குறது அவரு வீட்டுக்காரம்மா. அந்தம்மா திட்டினா அவரு என்கிட்டதான் வருவாரு. பின்பக்கம் காட்டாம நான் யாரையும் எந்திரிக்க விட்டதில்ல."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு முடியைக் கூட்டத் தொடங்கினார். பத்துக்குதிரை பட்டறை போட்டுப் பதினாறு வருஷம். ஆயிரக்கணக்கான வண்டி. ஒன்றின் பின் இருக்கையிலாவது அவள் உட்கார்ந்திருக்கிறாளா? யோசித்துப் பார்த்தாள். ஒருமுறைகூட இல்லை. டைனோவில் வண்டியை ஓட்டுவது அவள்தான், சாலையில் ஓட்டிப் பார்ப்பதும் அவள்தான். கல்யாணமான புதிதில் கணவரோடு எங்கே போனாலும் அவள்தான் ஓட்டுவாள், அவர் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

புதன்கிழமை ஓட்டுநரை வரச்சொன்னாள். சின்னச் செக்கிங் என்று மட்டும் சொன்னாள். லேப்டாப்பை மடியில் பட்டையால் கட்டிக்கொண்டு, பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "நீங்க ஓட்டுங்க சார், அம்மாவோட போற மாதிரியே போங்க" என்றாள்.

சந்து முனையைத் தாண்டியதும் முதல் முட்டு. டங்கென்று மண்டைக்குள் மணி அடித்தது. கடைத்தெருவில் இரண்டு. பாலத்துக்கு ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கையில் பிடி இருக்கிறது, எப்போது பாயும் என்று தெரியும், உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நாலு கிலோமீட்டரில் பதினாலு முட்டு. அதற்குள் அவளுக்குக் கழுத்து எது, தோள் எது என்று தெரியாமல் போயிற்று. ஐயோ, இதையா அந்த அம்மாள் இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டார்? வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. பம்பின் நோயைக் காதால் சொல்கிறவளுக்குத் தன் எஞ்சினின் நோய் மண்டையில் குட்டு வாங்கித்தான் தெரிந்தது.

"நிறுத்துங்க சார்" என்றாள்.

சாலையோர மரத்தடியில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நர்சம்மா வந்தது, நோட்டு, நூற்றுப் பன்னிரண்டு, எல்லாம். ரகசியம் காப்பது அவளுக்குக் கைவராத வேலை.

ஓட்டுநரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ முட்டி வலி?"

"முட்டி நல்லா இருக்கு சார். கழுத்துதான்."

அவர் திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"இறக்கிடு தங்கச்சி. எத்தனை வேணும்னாலும் இறக்கிடு. அவ இல்லாம பதினோரு நாள் நான் யார்கிட்ட பேசிக்கிட்டுப் போறது?" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "டிப்போல மட்டும் பத்துன்னே இருக்கட்டும்."

அன்றைக்கே தொடங்கினாள். குற்றம் எங்கே என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகும்போதுதான் டைனோவில் பெரிய எண் வரும். அதனால் அவள் கவனமெல்லாம் அந்த முனையில்தான் இருந்தது. கொஞ்சமாகத் திருகுகிற இடத்தில், இரண்டு பேரையும் மூட்டை முடிச்சையும் சுமந்துகொண்டு இந்த வண்டி தன் வாழ்நாளில் முக்கால்வாசி ஓடப்போகிற இடத்தில், பெட்ரோல் போதாமல் எஞ்சின் விக்கியது. போதாக்குறைக்குக் கை ஒரு நூல் அசைந்தால் எஞ்சின் ஒரு முழம் பாயும்படி அவளே அமைத்து வைத்திருந்தாள். பந்தய வண்டிக்குச் செய்யவேண்டியதைப் பயணவண்டிக்குச் செய்திருக்கிறாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஆனால் ஆனை சறுக்கினால் பின்னால் வருகிறவருக்குத்தானே அடி.

நர்சம்மாவின் நோட்டை லேப்டாப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். மூன்றாவது கியர், நாற்பத்திரண்டு என்றால் எஞ்சின் சுற்று இவ்வளவு, கட்டம் இது. அதில் ஒரு சிட்டிகை பெட்ரோல் கூட்டினாள். இரண்டாவது கியர், இருபத்தைந்து, கட்டம் அது. அங்கே தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தினாள். எந்தப் பொறியாளரும் இவ்வளவு துல்லியமாகக் குறை சொல்லி அவள் பார்த்ததில்லை. நூற்றுப் பன்னிரண்டு முட்டும் நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. பழைய சைலன்சர் குழாயையே திரும்ப மாட்டினாள். கையின் அசைவுக்கு எஞ்சின் நிதானமாக எழுந்து வரும்படி மாற்றினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று தட்டு தட்டிவிட்டு, பதில் தட்டு வந்ததும் எஞ்சினை இருபது, இருபத்தைந்து கி.மீ. வேகத்தில் மெதுவாக ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே பத்து நிமிஷம். திடீரென்று சலூன் கதவு திறந்தது. கணவர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடியே வந்து நின்றார். அவர் பின்னால் பாதி முகத்தில் நுரை காய்ந்து போன ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஓட்டப் போறியா, இல்லையா? கை வலிக்குது" என்றார் கணவர்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அவர் வண்டியைப் பார்த்தார். உருளை சுற்றிக்கொண்டிருந்தது. "அட" என்றார். நுரைக்காரரும் "அட" என்றார். பத்துக்குதிரைக்கு அந்த இரண்டு 'அட'வையும் சட்டம் போட்டு மாட்டலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி அளவு எடுத்தாள். நான்கு புள்ளி ஒன்று. அவ்வளவுதான். சுவரிலிருந்து பத்து புள்ளி இரண்டு தாளைக் கழற்றும்போது நெஞ்சு கனத்தது, பொய் சொல்வானேன். கண்கூட லேசாகக் கரித்தது. கழற்றி, நாலாக மடித்து, மேஜைக் கால் ஆடாமலிருக்க அதன் அடியில் சொருகிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு இருவரும் வந்தார்கள். பெட்டிகள் நிறைந்து வண்டி தயாராக இருந்தது. நர்சம்மாவின் கைப்பையில் ரயில் டிக்கெட்டும் இருந்தது. நம்பிக்கை வேறு, மருத்துவம் வேறு என்பது அவர் கட்சி. ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போய் வருவது, கழுத்துக்கு ஒத்துக்கொண்டால் அப்படியே கிளம்புவது, இல்லையென்றால் பத்து நாற்பது ரயில். இதுதான் ஒப்பந்தம். நர்சம்மா பின் இருக்கையில் ஏறி, பேனாவின் மூடியைக் கழற்றி, நோட்டில் தேதி போட்டுக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்து போயிற்று.

பத்துக்குதிரையும் கணவரும் வாசலில் நின்றார்கள். பத்து நிமிஷத்தில் வரவேண்டிய வண்டி இருபது நிமிஷம் கழித்துத் தெருமுனையில் தெரிந்தது. வந்தது, நிற்கவில்லை. ஓட்டுநர் விறைப்பாக நேரே பார்த்தபடி ஊர்ந்து கடந்து போய்விட்டார்.

"என்னங்க, நிக்காம போறாரு?"

"கோவமா இருக்கும்" என்றார் கணவர். ஆறுதல் சொல்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

மறுபடி வந்தது. மறுபடி நிற்காமல் போயிற்று. மணி பத்தேகால். ஸ்டேஷனுக்குப் போகவே இருபது நிமிஷம் ஆகும். ஏதோ தகராறு. நடுத்தெருவில் பேசித் தீர்க்கிறார்களோ என்னவோ. தான் எதைத் தப்பாகப் போட்டோம் என்று நான்கு கட்டங்களையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை வண்டி தெருமுனையில் திரும்பியதும் அவளால் பொறுக்க முடியவில்லை. நடுத்தெருவுக்கே போய் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள்.

வண்டி நிற்கவில்லை. ஓட்டுநர் அவள்மேல் படாமல் லாவகமாக ஒதுங்கி, நடக்கிற வேகத்தில் பக்கத்தில் ஊர்ந்தார். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"நிறுத்த மாட்டேன் தங்கச்சி" என்றார் குசுகுசுவென்று. "நிறுத்தினா முழிச்சிக்குவா."

அவள் பின் இருக்கையைப் பார்த்தாள். கைக்கட்டைகளுக்கு நடுவே, முதுகுப்பலகையில் சாய்ந்து, ஹெல்மெட்டை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நர்சம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் நோட்டு திறந்து கிடந்தது. தேதிக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

"பாலத்துல ஏறும்போதே கண்ணு சொருகிடுச்சு. ராத்திரி முழுக்கத் தூங்கலையாம், முட்டுமோ முட்டுமோன்னு" என்றார் ஓட்டுநர். "கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல நான் ஓட்டி இவ தூங்கினதே கிடையாது. பஸ்ல வந்தாகூட பிரேக்கைப் பாத்துக்கிட்டே வருவா."

பத்துக்குதிரை கூடவே நடந்தாள். இரண்டாவது கியர், இருபத்தைந்துக்கும் கீழே. பழைய வண்டி இந்நேரம் நாலு முட்டு முட்டியிருக்கும். இப்போது அவர் கை திருகுவது தெரிந்தது, வண்டி நகர்வது தெரிந்தது, இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே தெரியவில்லை. அவளுக்கு ஓவென்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் விழித்துக்கொள்வாரே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுப்பிக் கேளுங்க சார், ரயில் போயிடும்" என்றாள், இவளும் குசுகுசுவென்று.

"போகட்டும்" என்றார் ஓட்டுநர். முன்னால் ஒரு கரும்பு லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவுமில்லை. லாரிக்குப் பின்னாலேயே, அது விட்ட புகையைக் குடித்துக்கொண்டே, மலைச் சாலைப் பக்கம் திரும்பிப் போனார்.